ஒன்பது தலை

"துணின்னா சொட்டத்தான் செய்யும். பின்ன என்ன, கருவாடா காயப்போட்டிருக்கேன்?"

"கருவாடுன்னா நாத்தத்தோட போயிரும்க்கா! ஒங்க வீட்டுக்காரரு வேட்டியில இருந்து நீலம் சொட்டி என் ஆபீஸ் சேலை பாழாப் போச்சு. இந்த மாசத்துல இது மூணாவது!"

"அவரு வேட்டியப் பத்திப் பேசாத கோமளம். ஒரு நாளைக்கு ரெண்டு வேட்டி மாத்துற மனுசன். ஒன்னைய மாதிரி நேத்துச் சேலையக் கட்டிக்கிட்டு ஆபீஸ் போறவரு இல்ல."

"ஆமா, ரெண்டு வேட்டி! வரப்போற வருசத்துக்கு மொத்தமே ஒம்போது தலைதான், அந்த மனுசனுக்கு இந்த ஆட்டமா?"

சொன்னதுதான் தாமதம், கீழ் மாடியில் நின்ற கோமளம் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். மேல் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக் குனிந்து நின்ற தங்கபுஷ்பத்துக்கு, அடுத்த ஏச்சு மறந்துபோயிற்று. கோமளம் முகம் வெளிறி, உள்ளே ஓடிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள். 'சி' பிளாக்கில் பன்னிரண்டு வீடு. யாரும் ஒட்டுக் கேட்கவில்லை. பன்னிரண்டு கதவும் காற்றுக்காகத் திறந்திருந்தன, அவ்வளவுதான். மார்கழி மாதக் காலைக் குளிரில் எந்தக் காற்றுக்கு என்று கேட்கக் கூடாது.

நெடும்பாறையில் தபால் தலை என்று முழுசாக யாரும் சொல்ல மாட்டார்கள். ஊரே அரசாங்க அச்சகத்தை நம்பி இருக்கிற ஊர், அச்சகத்தில் அடிப்பது தபால் தலை, அதனால் வெறும் 'தலை'. "ரெண்டு தலை இருக்குமா?" என்று பக்கத்து வீட்டில் கேட்பதைப் பார்த்து வெளியூர் மாப்பிள்ளைகள் மிரண்டுபோனது உண்டு. போன்கள் எல்லாம் பாதுகாப்புக் காரணம் சொல்லி நிறுத்தப்பட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. கல்யாணமோ கருமாதியோ, இப்போது எல்லாம் கடுதாசிதான். ஆளுக்கு வருஷத்துக்கு நாற்பத்தெட்டு தலை, மாதம் நான்கு வீதம். ஒவ்வொன்றிலும் அவரவர் எண் அச்சடித்திருக்கும். ஜனவரி ஒன்றாம் தேதி காக்கி உறையில் வீடு தேடி வரும்.

முன்னெல்லாம் எத்தனை தலை அடித்தார்கள் என்ற அறிக்கை நூலகத்தில்கூடக் கிடக்கும். யாரும் புரட்டியதில்லை. நான்கு வருஷத்துக்கு முன் திடீரென்று அந்த அறிக்கை ரகசியமாகிவிட்டது. சட்டசபையில் ஒருவர் கேட்டதற்கு, "நாட்டு நலன் கருதி வெளியிட இயலாது" என்று பதில் வந்தது. தலை எண்ணிக்கையில் என்ன ராணுவ ரகசியம் என்று குடியிருப்பே சிரித்தது. அதைத் தட்டச்சு செய்ய ஜன்னல் இல்லாத அறை ஒன்று கட்டி, அதில் கோமளத்தை உட்காரவைத்தார்கள். வெளியே மூச்சு விட்டால் இரண்டு வருஷம் ஜெயில் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். கல்யாணம் ஆகாமல் நாற்பத்திரண்டு வயதில் தனியே இருக்கிறவள்; வீட்டில் யாரிடம் உளறப்போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். துணிக்கொடியை மறந்துவிட்டார்கள்.

சிரிப்பு போன வருஷமே நின்றுவிட்டது. 'ஏ' பிளாக் மிஷின்மேன் சௌந்தரபாண்டிக்கு உறையில் பதினோரு தலைதான் இருந்தது. 'தாள் சிக்கனம்' என்று ஒரு துண்டுச் சீட்டும் வைத்திருந்தார்கள். மனிதர் மார்ச் மூன்றாம் வாரத்தில் போய்ச் சேர்ந்தார். 'பி' பிளாக் டீச்சரம்மாவுக்கு இருபது. அவள் மே கடைசியைத் தாண்டவில்லை. இதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசவில்லை. முந்தானைக்குள் விரல் மடக்கி எண்ணிக்கொண்டார்கள்.

தங்கபுஷ்பமும் இப்போது எண்ணினாள். ஜனவரிக்கு நான்கு. பிப்ரவரிக்கு நான்கு. மார்ச்சுக்கு ஒன்று. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

உள்ளே அவள் புருஷன் அருமைநாயகம் முகத்தில் சோப்பு நுரையோடு நின்றிருந்தார். அச்சகத்தின் காகிதக் கிடங்கு மேற்பார்வையாளர். தாடையில் கத்தி பட்டு, நுரையில் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

"அவ என்ன சொன்னா?"

"கோவத்துல ஏதோ சொல்றா. நீங்க மூஞ்சியக் கழுவுங்க."

"ஒம்போதுன்னு சொன்னாள்ல?"

அன்றைக்கு அவர் வேலைக்குப் போகவில்லை. இருபத்தாறு வருஷ சர்வீஸில் முதல் தடவை.

மூன்றாம் நாள் வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் கையில் கோப்பு, இன்னொருவன் கையில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதவனைப் பார்த்துத்தான் எல்லாரும் பயந்தார்கள். வீடு வீடாக ஒரே கேள்வி: செவ்வாய்க்கிழமை சண்டையில் என்ன பேச்சு அடிபட்டது? அடுத்த வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று சொல்லக்கூடியவர்கள்கூட அன்றைக்குக் காது கேளாதவர்கள் ஆகிவிட்டார்கள். கடைசியில் தங்கபுஷ்பத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"ஒம்பது தலைன்னு அந்தம்மா சொன்னாங்களாமே. எதப் பத்தி?"

ஒரு வார்த்தை போதும். கோமளம் இரண்டு வருஷம் உள்ளே போய்விடுவாள். ஆனால் அவள் போய்விட்டால் விஷயத்தை யாரிடம் கேட்பது? தங்கபுஷ்பம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர ராவணன்னு வைதா சார்."

"ராவணனுக்குப் பத்து தலையில்ல?"

"பத்துதான். கோவத்துல ஒண்ணு கொறஞ்சிருச்சு. அவ டைப் அடிக்கிறதும் அந்த லட்சணந்தான்னு ஆபீஸ்ல சொல்லிக்கிறாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

கோப்பு வைத்திருந்தவன் அதை அப்படியே எழுதிக்கொண்டான். வெறுங்கைக்காரன் மட்டும் போகும்போது திரும்பி, கூடத்தில் போர்த்திப் படுத்திருந்த அருமைநாயகத்தை ஒரு பார்வை பார்த்தான். கசாப்புக் கடைக்காரன் ஆட்டைப் பார்ப்பது போல என்று சொல்லலாம்; ஆனால் அவனாவது ஆட்டைத் தொட்டுப் பார்ப்பான்.

அன்று மத்தியானமே கோமளம் மொட்டை மாடிக்கு வந்தாள். காய்ந்த சேலைகளுக்கு நடுவே, இரண்டு பக்கமும் துணி மறைக்கிற இடமாகப் பார்த்து நின்றார்கள். கோமளம் அழுதுகொண்டே சொன்னாள்.

"பசையில ஏதோ கலக்குறாங்கக்கா. நக்கினதும் எச்சில் அதுல தங்கிரும். வழியில ஒரு மிசின் முத்திரை குத்துதுல்ல, அது முத்திரை மட்டும் குத்தல. எச்சிலப் படிக்குது."

"படிச்சு?"

"ஒடம்புக்குள்ள என்ன சீக்கு இருக்கு, எத்தன நாள் தாங்கும்னு கணக்குச் சொல்லிரும். மொதல்ல தொத்துக் காய்ச்சலக் கண்டுபிடிக்கத்தான் கொண்டாந்தாங்களாம். அப்புறம் எவனோ ஒரு அதிகாரி யோசிச்சிருக்கான். சாகப்போறவனுக்கு எதுக்கு நாப்பத்தெட்டு அடிக்கணும், தாள் தண்டந்தானன்னு."

"அடப்பாவிகளா. சாகப்போறான்னு தெரிஞ்சா ஆஸ்பத்திரிக்கில்ல சொல்லணும்?"

"நானும் செக்‌ஷன் ஆபீசர்கிட்ட கேட்டுட்டேன். 'ஒடம்பு வேற துறைம்மா, நம்மளுது தலை'ன்னாரு. அவங்களுக்குச் சொல்லணும்னா அறிக்கைய அனுப்பணுமாம், அனுப்பினா ரகசியம் போயிருமாம்."

"மிசினு தப்பாச் சொன்னதே இல்லையா?"

கோமளம் மூக்கைச் சிந்தினாள். "நான் அடிச்ச பட்டியல்ல ஒருத்தரும் தப்பிக்கல. ஆனா ஒருத்தருக்கும் சொன்னதும் இல்லையேக்கா. வைத்தியம் பாத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

தங்கபுஷ்பம் அந்தப் பேச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இறங்கப்போனவள் படியில் நின்று கேட்டாள். "எனக்கு எத்தன?"

"ஒங்களுக்கு முழுசு. நாப்பத்தெட்டு."

அதைக் கேட்டதும் சந்தோஷம் வர வேண்டும். ஆளில்லாத பஸ் ஸ்டாண்டில் தனியாக இறக்கிவிட்டது போலத்தான் இருந்தது.

சனிக்கிழமை புருஷனைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். டாக்டர் தட்டிப் பார்த்தார், மூச்சை இழுக்கச் சொன்னார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். "இரும்பு மாதிரி இருக்காரும்மா" என்றார். அதைக் கேட்டு அருமைநாயகத்துக்கு இன்னும் பயம் ஏறிவிட்டது. டாக்டருக்கே தெரியாத வியாதி என்றால் எப்பேர்ப்பட்ட வியாதி! "ஒங்களுக்கு ஏதாவது தொந்தரவு உண்டாம்மா?" என்று டாக்டர் பேச்சுக்குக் கேட்டார். "எனக்கென்ன சார், சாப்பிட்டா வயித்துல லேசா இழுக்கும். வாயு. ஓமத்தண்ணி குடிச்சாச் சரியாப் போயிரும்" என்று தங்கபுஷ்பம் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

சாவு பயம் மனிதரை எப்படியெல்லாம் மாற்றும் என்று 'சி' பிளாக் அந்த வாரம் கண்குளிரப் பார்த்தது. பெண்டாட்டி தையல் மிஷினில் உட்கார்ந்தால் எண்ணெய் போட்டுக் கொடுத்தார். கொடியில் துணி போடுமுன் தானே இரண்டு தரம் பிழிந்தார். கடன் கேட்டால் கதவைச் சாத்துகிறவர், குடையையும் சைக்கிளையும் கேட்காதவர்களுக்குக் கொடுத்தார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "புஷ்பம், ஒன்னைய நான் நல்லா வச்சுக்கிடல" என்று விம்மினார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல். அவள் அடுப்படிக்குப் போய்ச் சத்தமில்லாமல் அழுதாள். இந்த மனிதரை இப்போதுதான் கொடுத்தார்கள், மார்ச்சில் எடுத்துக்கொள்வார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தூத்துக்குடி அண்ணனுக்குக் கடுதாசி எழுதினார். ஊரில் குடும்பத்துக்குப் பொதுவான கிணறு ஒன்று உண்டு. அதில் பாதி யாருக்கு என்று அண்ணனும் தம்பியும் வாரம் தவறாமல், பதினோரு வருஷமாகக் கடுதாசியில் சண்டை போடுகிறார்கள். அரசாங்கம் கொடுக்கிற நாற்பத்தெட்டும் அந்தக் கிணற்றில்தான் விழும். இன்றைக்கு, "கிணறு முழுவதும் உனக்கே, எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். மடித்து உறையில் போட்டு, இந்த வருஷத்துக் கடைசித் தலையைக் கிழித்து, வழக்கம்போல அவளிடம் நீட்டினார்.

"ஒட்டிரு."

தங்கபுஷ்பம் வாங்கினாள். நாக்கை நீட்டினாள். பசை நுனி நாக்கில் பட்டது. வெல்லப்பாகு மாதிரி லேசான தித்திப்பு. நாக்கை உள்ளே இழுக்காமல் அப்படியே நின்றுவிட்டாள்.

அருமைநாயகம் அண்ணாந்துதான் தண்ணீர் குடிப்பார். டம்ளரில் வாய் பட்டால் அவர் டம்ளராக இருந்தாலும் கழுவி வைத்தாக வேண்டும். விரலில் எச்சில் தொட்டுத் தாள் புரட்டுகிறவனைக் கிடங்கில் சேர்க்க மாட்டார். அந்த மனிதர் தன் ஆயுளில் ஒரு தலையையாவது நக்கியது உண்டா? கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் எச்சில் என்றால் அது தங்கபுஷ்பத்தின் இலாகா.

அப்படியானால் மிஷின் படித்தது யாரை?

உறையையும் தலையையும் கையில் பிடித்தபடியே படி இறங்கினாள். கோமளம் கதவைத் திறந்ததும் கேட்டாள்.

"ஏ கோமளம், இந்த வருசத்து என் தலையையெல்லாம் ஒனக்குத்தான குடுத்தேன்? யாரு நக்கி ஒட்டுனா?"

கொடுத்தது உண்மைதான். தங்கபுஷ்பத்துக்குக் கடுதாசி எழுத ஆளில்லை. இருக்கிற ஒரே அக்கா சாத்தூரில்; பஸ் ஏறினால் இரண்டு மணி நேரம். கோமளம் பத்திரிகையில் வருகிற வரன் விளம்பரத்துக்கெல்லாம் எழுதிப் போடுகிறவள், அவளுக்கு எத்தனை இருந்தாலும் போதாது. இது இவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். அதாவது இவர்கள் இரண்டு பேரும் அப்படி நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான்க்கா. வேற யாரு?"

"அப்ப அந்த நாப்பத்தெட்டு ஒன்னுது."

"என்னக்கா சொல்றீங்க?"

"அவரு தலைய நக்குறது நான்."

கோமளத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவளுக்கு இன்னும் ஒன்றும் சேர்ந்து புரிந்தது. செக்‌ஷன் ஆபீசருடைய தலைகளை ஒட்டுவது பியூன். மேலே இருக்கிற பெரிய அதிகாரிகளுக்கெல்லாம் உதவியாளர்கள். தன் எச்சிலைத் தானே தொடுகிற பெரிய மனிதன் இந்த ஊரில் யார்? நாலு வருஷமாகப் பூட்டிப் பூட்டி வைத்த அறிக்கையில் எச்சில் ஒருவருடையது, தலை ஒருவருடையது.

"எத்தன பேரு பேரத் தப்பா அடிச்சேனோக்கா" என்றாள்.

தங்கபுஷ்பத்துக்கு அது காதில் விழவில்லை. வயிற்றில் அந்த இழுப்பு, ஓமத்தண்ணிக்கு அடங்குகிற அந்த இழுப்பு, இப்போது ஒரு ஆள் மாதிரி உள்ளே உட்கார்ந்திருந்தது. மார்ச் முதல் வாரம்.

மேலே ஏறி வருவதற்குள் நான்கு இடத்தில் நின்றாள். சொல்லாமல் இருந்துவிடலாமா? சொல்லாவிட்டால் இன்னும் இரண்டு மாதம் அவர் அவளைப் புஷ்பம் என்று கூப்பிடுவார், எண்ணெய் போட்டுக் கொடுப்பார். ஆனால் அந்த மனிதர் ராத்திரி தூக்கத்தில் நடுங்குவதை அவளால் பார்க்கவும் முடியவில்லை. பாவம், செய்யாத குற்றத்துக்குத் தூக்கு.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அருமைநாயகம் கேட்டார். இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டார். பிறகு அவர் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு புறப்பட்டது பாருங்கள். ஒரு வாரமாகக் கட்டி வைத்திருந்த மூச்சு. அது வெளியே வந்து முடிவதற்குள் அவரே தெரிந்துகொண்டு வாயை மூடினார். ஆனால் மூச்சு போய்விட்டது. அவளும் பார்த்துவிட்டாள். தோளெல்லாம் இறங்கி, முகத்தில் ரத்தம் ஏறி, பத்து வயது குறைந்து உட்கார்ந்திருந்தார்.

"சேச்சே, ஒனக்கு ஒண்ணும் ஆகாது. அதெல்லாம் மிசினு" என்றார். அவள் கையைப் பிடித்தார். தட்டிக் கொடுத்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, எதுவோ போகிறபோக்கில் நினைவு வந்த மாதிரி கேட்டார்.

"அந்தக் கெணத்துக் கடுதாசியப் போஸ்ட் பண்ணிட்டியா?"

தங்கபுஷ்பம் அவரைப் பார்த்தாள். கையில் உறை இருந்தது. தலையும் இருந்தது.

"இல்ல. இப்பத்தான் பண்ணப்போறேன்."

அவர் கண்ணெதிரேயே நாக்கை நீட்டி, தலையை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நிதானமாக நக்கினாள். உறையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். "ஏய், ஏய், குடு இங்க" என்று அவர் எழுந்து வேட்டியைக் கட்டுவதற்குள் படி இறங்கிவிட்டாள். முச்சந்தித் தபால் பெட்டியில் அது விழுந்த சத்தம் கேட்டதா என்று 'சி' பிளாக்கில் இரண்டு அபிப்பிராயம் உண்டு. நாலு மணிக்கு ஒரு பையோடு சாத்தூர் பஸ்ஸில் அவள் ஏறியதைப் பார்த்தவர்கள் ஏழு பேர்.

ஜனவரி ஒன்றாம் தேதி அருமைநாயகத்துக்கு உறை வந்தது. ஒன்பது தலை, ஒரு துண்டுச் சீட்டு. கூடுதல் தலை கேட்டு மனுப் போட்டார். "அறிக்கையின்படி தங்களுக்கு மேற்கொண்டு தேவைப்படாது" என்று பதில் வந்தது. எட்டை அண்ணனுக்குச் செலவழித்தார், கிணற்றைத் திருப்பிக் கேட்டு. ஒன்றைச் சாத்தூருக்குப் போட்டார். இரண்டு இடத்திலிருந்தும் பதில் இல்லை.

மார்ச் இரண்டாவது வாரத்தில் அந்த வெள்ளைச் சட்டைக்காரர்கள் மறுபடி வந்தார்கள். கதவைத் தட்டினார்கள். அருமைநாயகமே வந்து திறந்தார். கோப்பு வைத்திருந்தவன் அவரையும் கோப்பையும் மாறி மாறிப் பார்த்து, "நீங்க இன்னும் இருக்கீங்களா?" என்று கேட்டான். அடுத்த வாரம் அச்சகத்து வாசலில், பிறகு நாடு முழுவதும், ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டது: தபால் தலைகளை உரியவர் மட்டுமே ஈரப்படுத்த வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. அன்றிலிருந்து குடியிருப்பில் ஒருவரும் மற்றவர் முன்னால் கடுதாசி ஒட்டுவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, சாமி படத்தைப் பார்த்துவிட்டுத்தான் நக்குகிறார்கள். தண்ணீர் தொட்டு ஒட்டிய இரண்டு பேரை வந்து கூட்டிப்போனார்கள்; அவர்களைப் பற்றி விசாரிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

கோமளம் வேலையை விட்டாள். பங்குனியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரம், மனைவியை இழந்தவர், பத்துக்கு ஒன்பது கடுதாசிக்குப் பதில் போட்டவர். முகூர்த்தத்துக்குத் தங்கபுஷ்பம் வந்திருந்தாள். தை மாதம் மதுரையில் ஆபரேஷன், தேங்காய் அளவுக்குக் கட்டி என்கிறார்கள். எலுமிச்சை அளவுதான் என்று அவள் அக்கா சொன்னதாகவும் கேள்வி. பாதியாக இளைத்திருந்தாள். பந்தியில் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், இலையை அல்ல. அவள் பாயசத்தை இன்னொரு தரம் கேட்டு வாங்கிக்கொண்டாள். பக்கத்து இலைக்காரி பொறுக்கமாட்டாமல், "இந்த வருசம் ஒங்களுக்கு எத்தனையாம்?" என்று கேட்டேவிட்டாள். "வந்த ஒறையப் பிரிக்கல" என்றாள் தங்கபுஷ்பம்.

அருமைநாயகம் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு சித்திரையில் வீட்டைக் காலி செய்தார். தங்கபுஷ்பம் சாத்தூரிலேயே தையல் கடை வைத்துத் தங்கிவிட்டாள். கடுதாசி எழுதுவதில்லை. யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாளாம்.